ஊதுபத்தியா, கிளிப்பா? கோயில் வாணத்துக்கு ஆறு திருவிழா பாவித்துப் பார்த்தவை

எங்கள் ஊர் அம்மன் கோயிலில் சப்பறத் திருவிழா எங்கள் குடும்பத்து உபயம். யாழ்ப்பாணத்து வடமராட்சியில் வாணம் என்றால் வல்வெட்டித்துறைதான். அங்கே இந்திரவிழாவுக்கு ஏறும் புகைக்குண்டையும் (சூடான புகை நிரப்பிய கடதாசிப் பலூன்) வாணத்தையும் பார்த்தவர்களுக்கு எங்களுடையது சிறுபிள்ளை விளையாட்டு. முப்பது ஷொட் பெட்டி (ஒரு திரியில் முப்பது வாணம் அடுத்தடுத்து ஏறும் பெட்டி) நாலைந்து, பூவாணம் ஒரு டசின், முடிவில் ஒரு நீளச் சீனவெடி. கால் மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்துவிடும். அந்தக் கால் மணித்தியாலத்துக்கு எதை வைத்து நெருப்பு மூட்டுவது என்பதுதான் 2017இல் இருந்து என் தலையிடி.

அதுவரை பெரியப்பா பார்த்துக்கொண்டார். கமுகஞ்சிலாகை நுனியில் மூன்று ஊதுபத்தியைச் சேர்த்துக் கட்டி, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு போவார். திரியில் வைப்பார், சீறும், திரும்பி நடந்து வருவார். ஓடமாட்டார்; ஓடினால் மரியாதை இல்லையாம். 2016இல் ஒரு பெட்டியின் திரி வழக்கத்தைவிடக் கெதியாக எரிந்து, அவர் இரண்டடி எடுத்துவைக்க முன்னரே முதல் ஷொட் கிளம்பிவிட்டது. சாரத்தின் கரையும் இடது புருவமும் போயின.

"புருவம் முளைக்கும், சாரம்தான் புதுசு" என்று அவர் சிரித்தார். பெரியம்மா சிரிக்கவில்லை. "இனி இந்த மனுசன் வாணத்துக்குக் கிட்டப் போனால் நான் கோயில் வாசலே மிதிக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டா.

அமெரிக்காவில் சாதாரணப் பாவனை வாணங்களின் திரி குறைந்தது 3 செக்கன், கூடியது 9 செக்கன் எரியவேண்டும் என்று விதி இருக்கிறது. கையால் கொளுத்துகிறவனின் பாதுகாப்பு முழுக்க அந்த மூன்று செக்கனுக்குள் இருக்கிறது. திரி மடிந்திருந்தால், உறை கிழிந்திருந்தால் அந்த மூன்று என்னவாகும் என்று பெரியப்பாவின் முகத்தில் பார்த்தோம்.

முதலில் யோசித்தது அடுப்புக்கு வாங்கும் நீளக்கழுத்து லைட்டர். அதைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. கமுகஞ்சிலாகை நாலு முழம், லைட்டர் ஒரு சாண். ஆளை வாணத்துக்கு இன்னும் கிட்டக் கொண்டுபோகிறது. சோளகம் அடிக்கிற மாதத்தில் சுவாலையும் நிற்காது. ஒரே நாளோடு அது குசினிக்குத் திரும்பிவிட்டது.

2017இல் ரொறன்ரோவில் இருந்து வந்த மச்சான் கிளிப் ஒரு கட்டுக் கொண்டுவந்தான். உடுப்புக் கொழுவும் கிளிப் போல ஒரு சின்ன பிளாஸ்ரிக் வாய். வாய்க்குள் தலைமயிர் போல நிக்ரோம் கம்பி, பின்னால் இரண்டு வயர். பெட்டியின் திரியை வாய்க்குள் கொடுத்துக் கடிக்கவிட வேண்டும். சுவிச்சுப் பெட்டியில் அழுத்தி, 12 வோல்ற் பற்றரியில் இருந்து மின்சாரம் போனதும் கம்பி சிவந்து திரி பற்றும். இதில் வெடிமருந்து ஒரு துளியும் இல்லை. அது முக்கியம். தலையில் மருந்து பூசிய இன்னொரு வகை இருக்கிறது. அது வெடிபொருள் கணக்கில் சேரும், பயணப் பையில் போடவே கூடாது. மச்சானுக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருந்தது, நல்ல காலம்.

முதல் வருடம் பதினெட்டுக் கிளிப் போட்டோம். ஐந்து பற்றவில்லை. சனம் காத்திருக்க, ஒலிபெருக்கியில் "வாணம் தொடர்ந்து இடம்பெறும்" என்று அறிவித்தவர் அதையே நாலு தரம் சொல்லவேண்டி வந்தது. பெரியப்பா வெளிவீதி மதிலில் இருந்து எல்லாவற்றையும் பார்த்தார். "தம்பி, ஊதுபத்தி வேணுமெண்டால் சொல்லு, மடியில இருக்கு" என்றார்.

ஏன் பற்றவில்லை என்று அடுத்தநாள் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இரண்டில் திரி கம்பியின் மேல் குறுக்காகப் படாமல் ஒரு பக்கம் வழுகியிருந்தது. கம்பி சிவந்து, தனியாக எரிந்து அறுந்துபோயிற்று. திரியில் ஒரு கறுப்புப் புள்ளி மட்டும். இன்னொன்றில் திரியைச் சுற்றியிருந்த பாதுகாப்புக் கடதாசியை நான் கழற்றவே இல்லை. அது என் பிழை. மற்ற இரண்டும்தான் என்னைக் குழப்பின. கிளிப் சரி, திரி சரி. ஆனால் அவை இரண்டும் வரிசையின் கடைசியில், பற்றரியில் இருந்து முப்பது மீற்றர் தள்ளி இருந்தவை. நான் பாவித்தது மணி அடிக்கிற சுவிச்சுக்குப் போடும் மெல்லிய வயர். அரை சதுர மில்லிமீற்றர்ச் செப்புக் கம்பிக்கு மீற்றருக்குக் கிட்டத்தட்ட 0.034 ஓம். போக முப்பது, வர முப்பது, மொத்தம் அறுபது மீற்றருக்கு இரண்டு ஓம். கிளிப்பைச் சூடாக்க வேண்டிய வலுவில் ஒரு பெரிய பங்கை வயர் வழியிலேயே குடித்துவிட்டது. கிணற்று மோட்டருக்கு மெல்லிய வயர் இழுத்தால் மோட்டர் முனகுவது போலத்தான். எலெக்ரிக்கல் வேலை செய்கிறவன் நான், இது எனக்கு முதலே தெரிந்திருக்க வேண்டும். 2018இல் வயரை ஒன்றரைக்கு மாற்றினேன். தடித்தது, விலை கூட, சுருட்டிக் கட்டக் கை நோகும். ஆனால் அந்த வருடம் இருபதில் ஒன்றுதான் பற்றவில்லை.

அந்த ஒன்றில் படித்ததுதான் பெரிய பாடம். சுவிச்சுப் பெட்டியில் பச்சை லைற் எரிந்தது. பச்சை எரிந்தால் எல்லாம் சரி என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்த லைற் சொல்வது ஒன்றே ஒன்று: கம்பி அறாமல் இருக்கிறது, சுற்று முழுமையாக இருக்கிறது. கிளிப்பின் வாயில் திரி இருக்கிறதா, காற்று இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. இப்போது லைற்றை நம்புவதில்லை. கொழுவியவர் ஒருவர், இழுத்துப் பார்ப்பவர் வேறொருவர். மெல்ல இழுத்தால் திரி வழுகக்கூடாது.

2019இல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வெடிச்சத்தம் கேட்கும் மனநிலையில் ஊர் இருக்கவில்லை, வாணம் இல்லை. 2020, 2021 கொரோனா. 2022இல் சுவாமி வெளியே வந்தது, ஆனால் பெற்றோல் வரிசையில் இரவு பகலாக நின்ற சனத்துக்கு முன்னால் காசைக் கொளுத்த மனம் வரவில்லை. இரண்டு பெட்டி மட்டும் விட்டோம். அதற்குள் டொலர் இருநூறில் இருந்து முந்நூற்றைம்பதைத் தாண்டியிருந்தது. 2018இல் மிஞ்சிய கிளிப்பை எடுத்தால் அது பொன் போல இருந்தது. நாலு வருடம் பிஸ்கற் ரின்னில் கிடந்த கிளிப் பற்றுமா என்று பயம். கிளிப் இரண்டும் பற்றின. பழுதாகியிருந்தது சுவிச்சுப் பெட்டிதான்: வயர் கொழுவும் அழுத்துப்பிடிகளில் பச்சைக் களிம்பு. கடலில் இருந்து அரைக் கட்டைத் தூரம் இல்லாத ஊரில் செப்பு அப்படித்தான் இருக்கும். மண்கடதாசி போட்டுத் தேய்த்து எடுத்தேன். இப்போது பெட்டியை சிலிக்கா சிறுபைகளோடு காற்றுப்புகாத டப்பாவில் வைக்கிறேன்.

2023இல் வாணக்காரர், தன்னுடைய ஆளை வைத்து மருந்துத் தலை வகையைப் போட்டுக் காட்டுவதாகச் சொன்னார். அனுமதி அவருடையது, பொருள் அவருடையது, நாங்கள் கையே வைக்கவில்லை. பார்க்க எவ்வளவு வடிவு! கிளிப்பில் சுவிச்சை அழுத்தினால் ஒன்று, இரண்டு, சிலவேளை மூன்று செக்கன் கம்பி யோசிக்கும். பிறகு திரி வேறு எரியவேண்டும். மருந்துத் தலைக்கு யோசனை கிடையாது. விரல் பட்டதும் பளிச். தவில்காரர் தீர்மானம் வைத்து முடிக்கிற அடியிலேயே வானத்தில் பூ விரிந்தது. சனம் கைதட்டியது தவிலுக்கா வாணத்துக்கா என்று தெரியவில்லை. மிகக் குறைந்த மின்சாரத்திலேயே பற்றும், அரை அம்பியர் அளவே போதும், ஆகவே நீள வயரும் பிரச்சினை இல்லை.

ஆனால் அதே குணம்தான் எனக்குப் பயம். குறைந்த மின்சாரத்தில் பற்றுவது தேவையில்லாத நேரத்திலும் பற்றலாம். உராய்வும் அடியும் அதற்கு ஆகாது. அன்று ஒரு தலை சீறிய வேகத்தில் பக்கத்துப் பெட்டியின் மேற்கடதாசியும் பற்றி, இரண்டு பெட்டி ஒன்றாகக் கிளம்பின. மேலே போனது மேலேதான் போயிற்று, ஒருவருக்கும் ஒன்றுமில்லை. "அது ஒரு கொம்பினேஷன் அண்ணை" என்றார் அந்த ஆள். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. தொழில் தெரிந்தவர்கள், பெரிய கோயில்கள், இசைக்கு ஏற்ப வாணம் விடுகிறவர்கள் அதைப் பாவிக்கட்டும். வருடத்தில் ஒருநாள் வாணம் தொடுகிற எங்களுக்கு அந்த இரண்டு செக்கன் தாமதம் ஒரு குறையே இல்லை.

றிமோட் பெட்டியும் ஒன்று வந்தது, 2024இல். நாலு கிளிப் கொழுவலாம், 433 மெகாஹேட்ஸ் ரேடியோ அலையில் வேலை செய்யும், தடித்த வயர் சுருளைத் தூக்கத் தேவையில்லை. தோள் நோவு போய்விட்டது என்பது உண்மை. ஆனால் சின்னப் பற்றரிகளில் ஓடும் பெட்டி; மூன்றாவது கிளிப்புக்கு வரும்போது கம்பி மந்தமாகச் சிவக்கிறது. காற்றும் சேர்ந்தால் கம்பியின் சூட்டைக் காற்றுக் கொண்டுபோய்விடும். ஒவ்வொரு வருடமும் புதுப் பற்றரி போட்டால்தான் சரி.

றிமோட்டில் இன்னொரு சங்கதி. நான் கிளிப் கொழுவிக்கொண்டிருக்கும்போது பெரியப்பாவின் பேரன், ஆறு வயது, மேசையில் கிடந்த றிமோட்டை எடுத்து எல்லாப் பொத்தானையும் அழுத்தியிருக்கிறான். டிவி மாறவில்லையே என்று தாயிடம் கேட்டிருக்கிறான். பெட்டியின் திறப்பு (சாவி) என் சட்டைப் பையில் இருந்ததால் நான் இதை எழுதுகிறேன். திறப்பு இல்லாத, சுவிச் மட்டும் உள்ள மலிவுப் பெட்டிகளும் விற்கிறார்கள். அவற்றை இனாமாகத் தந்தாலும் வேண்டாம். கொழுவுகிறவனின் பையில் திறப்பு, அவன் திரும்பி வந்து தன் கையாலேயே போடவேண்டும்.

பற்றாத பெட்டிக்குக் கிட்ட உடனே போவதில்லை என்பதில் மட்டும் நான் யாரோடும் கதைக்கத் தயாரில்லை. திறப்பைக் கழற்றி, இருபது நிமிடம் விட்டு, பிறகு தண்ணீர் வாளியோடு போய் நன்றாக ஊற்றி நனைப்போம். திரும்பக் கொளுத்துவதில்லை. "காசு கொடுத்து வாங்கினது" என்று உபயகாரர்களில் ஒருவர் ஒவ்வொரு வருடமும் சொல்வார். சொல்லட்டும். கோயிலைச் சுற்றி இன்னும் கிடுகுவேலி உள்ள வீடுகள் இருக்கின்றன. ஆனி மாதக் காய்ச்சலில் கிடுகுக்கு ஒரு பொறி போதும். அந்த வேலிகளுக்குப் பின்னேரமே தண்ணீர் அடித்துவிடுவதும் எங்கள் வேலையில் சேர்ந்துவிட்டது.

யாழ்ப்பாணத்தில் இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு இன்னொன்று. இங்கே வெடியும் வாணமும் 1956ஆம் ஆண்டு 21ஆம் இலக்க வெடிபொருள் சட்டத்துக்குள் வருபவை. பொலிஸில் வாணத்துக்கு எழுதிக் கொடுக்கும்போதே சுவிச்சுப் பெட்டி, வயர், கிளிப் எல்லாவற்றையும் காட்டிவிடுகிறேன். தொண்ணூறுகளில் ரோச் பற்றரிகூட இந்தக் குடாநாட்டுக்குத் தடைப்பொருள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஊர் இது. இங்கே ஒரு பையில் பற்றரியும் வயரும் சுவிச்சும் ஒன்றாக இருந்தால், கேட்பவருக்கு மறுமொழி சொல்ல முன்கூட்டியே ஆயத்தமாக இருப்பது நல்லது. நேரத்தையும் முதல்நாளே ஒலிபெருக்கியில் அறிவிக்கிறோம். திடீர் வெடிச்சத்தம் கேட்டால் இன்றைக்கும் கட்டிலுக்குக் கீழே பார்க்கிற கிழவிகள் எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு பேர்.

2025இல் போட்டது இப்படி: பெட்டிகளுக்கெல்லாம் கிளிப், தடித்த வயர், கார் பற்றரி, திறப்புப் பெட்டி. கொஞ்சத் தூரத்தில் இருந்த பூவாணங்களுக்கு மட்டும் றிமோட். இருபத்திரண்டில் ஒன்று பற்றவில்லை. கிளிப் ஒருதரம் பாவித்தால் முடிந்தது என்பதுதான் இன்னும் எரிச்சல். ஒரு கிளிப் காசுக்கு வருடம் முழுக்கச் சுவாமிக்குக் கொளுத்த ஊதுபத்தி வாங்கலாம்.

சீனவெடிக்குக் கிளிப் வீண். நீளத்திரி, நிலத்தில் கிடக்கும், எட்ட நின்று கொளுத்தலாம். அதற்குப் பழைய கமுகஞ்சிலாகைதான். பெரியம்மா அதற்குச் சம்மதித்திருக்கிறா, அதுவும் சாரத்தைக் கழற்றிவிட்டு நீளக் காற்சட்டை போட்டால். பெரியப்பாவுக்கு எழுபத்தெட்டு. போன சப்பறத்துக்கு டெனிம் காற்சட்டையும் வெறும் மேலில் சால்வையுமாக வந்து கொளுத்திவிட்டு, வழக்கம்போல நடந்துதான் திரும்பினார். மிச்சம் பதினொரு கிளிப் பிஸ்கற் ரின்னில் இருக்கிறது. மச்சானுக்கு இன்னும் இரண்டு கட்டுச் சொல்லியிருக்கிறேன்.