நீலம் ஒட்டினால் நேர் என்று நம்பாதீர்கள்

பினாங்கு மாநிலத்தின் பிறையில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். பழைய லேத்தின் பெட்டை, அதாவது அடிப்படுக்கையை, கையால் ஸ்கிரேப் செய்வதற்காக (சுரண்டி நேராக்குவதற்காக), கோலாலம்பூரில் பழைய கருவி விற்கும் ஒருவரிடம் 900 மில்லிமீட்டர் வார்ப்பிரும்பு ஸ்ட்ரெயிட் எட்ஜ் (நேர் பார்க்கும் கட்டை) ஒன்றை 1,400 மலேசிய வெள்ளிக்கு வாங்கினேன். "மூணு மைக்ரானுக்குள்ள இருக்கு பாஸ்" என்றார். தன் கிரானைட் பிளேட்டில் (சமதளக் கல்லில்) ப்ளூ, அதாவது தொடும் இடத்தில் மட்டும் ஒட்டும் நீல மை, தடவித் தேய்த்தும் காட்டினார். முனைக்கு முனை புள்ளிகள். கூடவே ஒரு சர்டிபிகேட். நானும் வாயெல்லாம் பல்லாக வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்று வாரம், இரவு இரவாகச் சுரண்டினேன். எட்ஜை வைத்துப் பார்த்தால் ப்ளூ அழகாகப் படிகிறது. ஆனால் குமிழ் ஒரு கோடு நகர்ந்தால் மீட்டருக்கு 0.02 மில்லிமீட்டர் சரிவு என்று காட்டும் லெவலை பெட்டில் நகர்த்தினால், ஒரு முனையில் ஐந்து கோடு இந்தப் பக்கம், மறுமுனையில் ஐந்து கோடு அந்தப் பக்கம். நடுவில் பள்ளம்! பெட் கால் போல்ட்டில்தான் கோளாறு என்று தளர்த்திப் பார்த்தேன். மாறவில்லை.

பாயான் லெப்பாஸில் ஒரு நண்பரிடம் முறையாக அளந்து சான்று வாங்கிய பிளேட் இருக்கிறது. எட்ஜை அதன்மேல் வைத்து ஒரு முனையை விரலால் மெல்லத் தள்ளினோம். நேரான எட்ஜ் என்றால் மறுமுனையிலிருந்து கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் ஊன்றித் திரும்பும். இது நட்டநடுவில் பம்பரம் மாதிரி சுற்றியது. அப்போதே வயிறு கலங்கிவிட்டது. முனைகளிலிருந்து 200 மில்லிமீட்டர் தள்ளி இரண்டு சம உயரக் கட்டைகளில் ஏற்றி மைக்ரான் கணக்கில் மேடு பள்ளம் காட்டும் டயலை அடியில் ஓட்டினோம். நடுவில் 30 மைக்ரான் புடைப்பு. புடைத்த எட்ஜை நம்பிச் சுரண்டினால் பெட் குழியாகத்தானே வரும்?

விற்றவருடைய பிளேட்டும் நடுவில் குழிந்ததாகத்தான் இருக்க வேண்டும். குழியும் புடைப்பும் சரியாகப் பொருந்தினால் ப்ளூ பிரமாதமாக ஒட்டும். இரண்டும் பொருந்துகின்றன என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. இது எனக்குத் தெரியாததில்லை, அவசரத்தில் விட்டுவிட்டேன்.

போன் செய்தால், "20 டிகிரியில அளந்தது, உங்க பட்டறை 32 டிகிரி, அதான்" என்கிறார். முழு எட்ஜும் ஒரே சூடாக இருந்தால் சுமார் 0.12 மில்லிமீட்டர் நீளும், அவ்வளவுதான், வளையாது. மேலுக்கும் கீழுக்கும் சூடு வேறுபட்டால்தான் வளையும். 100 மில்லிமீட்டர் உயரமுள்ள இந்த மாதிரி எட்ஜுக்கு ஒரு டிகிரி வேறுபாடே பத்து மைக்ரான் வரை இழுக்கும். வெறுங்கையால் பிடிக்காமல் மரக் கைப்பிடி போடுவதே அதற்குத்தான். ஆனால் நாங்கள் ஓர் இரவு முழுக்க ஏர்கோன் அறையில் பிளேட் பக்கத்திலேயே வைத்துவிட்டுத்தான் அளந்தோம்.

சர்டிபிகேட்டை அப்புறம்தான் ஒழுங்காகப் படித்தேன். சாம் (SAMM, மலேசிய ஆய்வக அங்கீகாரத் திட்டம்) முத்திரை இல்லை. அதில் இருந்த வரிசை எண் எட்ஜின் உடம்பில் எங்குமே இல்லை. எந்த எட்ஜுக்கு எழுதியதோ!

வாங்கப் போகிறவர்கள் அந்த எண்ணை முதலில் தேடுங்கள். விற்பவர் பிளேட்டில் பார்த்ததோடு விடாமல், தள்ளிச் சுற்றியும் பாருங்கள், அரை நிமிட வேலை. நல்ல பிளேட் கிடைக்காதவர்கள் மூன்று எட்ஜுகளை ஒன்றோடொன்று மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்க்கலாம். மூன்று ஜோடியும் பொருந்தினால்தான் மூன்றும் நேர்.

எனக்கு விற்றவர் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். 300 வெள்ளி கொடுத்தால் கிரைண்ட் செய்து தருகிறாராம். நேற்றிலிருந்து என் எண்ணை பிளாக் செய்திருக்கிறார். பெட்டை மறுபடி முதலிலிருந்து சுரண்டிக்கொண்டிருக்கிறேன், நண்பரிடம் இரவல் வாங்கிய எட்ஜை வைத்து.