மகளிர் சுய உதவிக் குழுவா, வாரக் கடனா?

ஊரில் ரெண்டுக்கும் ‘குழு’ என்றுதான் பெயர். பெண்களின் மனசுக்குள் இவை செய்கிற வேலை வேறு வேறு.

சுய உதவிக் குழு தமிழ்நாட்டில் 1989இல் தர்மபுரியில் தொடங்கியது. முதலில் சேமிப்பு, பிறகு கடன். சேமித்த பணத்திலிருந்து உறுப்பினர்கள் வாங்கும் உள்கடனுக்கான வட்டி குழுவுக்கே திரும்பும். கூட்டத்தைச் சொல்லி வீட்டைவிட்டுக் கிளம்பலாம். புருஷனின் குடியைப் பற்றி வாய்விட்டுச் சொல்ல நாலு பேர் இருக்கிறார்கள். பணத்தைவிட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

நுண்கடன் நிறுவனத்தின் வாரக் கடன் சீக்கிரம் கிடைக்கும், அலைச்சல் குறைவு. ஆனால் செவ்வாய்க்கிழமை தவணை என்றால் ஞாயிறு இரவே தூக்கம் போய்விடும். எங்கள் தெரு அக்கா ஒருவர், வசூலுக்கு வருபவரின் பைக் சத்தம் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொள்வார். குழுவாகச் சேர்ந்து வாங்கும் கடன் என்பதால், ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும். நேற்றுவரை ஒன்றாகக் களையெடுத்த தோழியே வாசலில் வந்து கத்துகிறாள். கடனைவிட அந்த அவமானம்தான் ஆளை உருக்குகிறது. மிரட்டி வசூலிப்பதைத் தடுக்கத் தமிழ்நாடு 2025இல் சட்டம் இயற்றியிருக்கிறது.

சுய உதவிக் குழுவிலும் குறை உண்டு. வங்கிக் கடன் வரத் தாமதமாகும், ஆஸ்பத்திரிச் செலவு காத்திருக்காது. அந்த இடைவெளியில்தான் வாரக் கடன் நுழைகிறது. தூக்கமின்றித் தவிப்பவர்கள் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணை அழைத்துத் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.