பில்லில் மாறிய சீல், வண்டியில் மாறவே இல்லை

முன் சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய் வடிகிறது என்று வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். ஒரே சீலுக்கு இரண்டு தடவை பணம் கட்டினேன். மூன்றாவது தடவை, வேறொருவரிடம் போன பிறகுதான், அது மாறியதைக் கண்ணால் பார்த்தேன்.

என்னுடையது முன்பக்கமும் முழு ஆக்ஸில் (இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே அச்சு) உள்ள பழைய ஃபோர் வீல் டிரைவ். ஆக்ஸில் குழாயின் இரு முனையிலும் வழுவழுவென்று ஒரு பெரிய உருண்டை இருக்கும். அதைக் கவ்விக்கொண்டுதான் நக்கிள் (ஸ்டியரிங்குக்கு ஏற்ப சக்கரத்தைத் திருப்பும் கூடு) திரும்பும். உருண்டைக்குள்ளே, சக்கரம் திரும்பினாலும் சுழற்சியைக் கொண்டுபோகும் சிவி ஜாயின்ட் கிரீஸில் ஊறிக் கிடக்கும். இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் கியர் ஆயில் குழாய் வழியாக உருண்டைக்குள் வந்துவிடாமல் தடுப்பது உள் ஆயில் சீல். கிரீஸ் வெளியே வராமலும் சேறு உள்ளே போகாமலும் உருண்டையின் மேல் உரசிக்கொண்டு நிற்பது வெளி ரப்பர் வளையம். இரண்டையும் பொதுவாக ‘சீல்’ என்றே சொல்கிறார்கள். என்னை ஏமாற்ற அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

இடது முன் டயரின் உள்சுவரில் கறுப்பாக எண்ணெய் தெறித்திருந்தது. ஒர்க்‌ஷாப்காரர் குனிந்து ஒரு பார்வை பார்த்தார். “சீல் போயிடுச்சு சார், மாத்திடலாம்” என்றார். காலையில் விட்ட வண்டி மதியத்துக்குள் தயார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உள் சீலைத் தொட வேண்டுமென்றால் சக்கரம், பிரேக் காலிப்பர், சக்கரம் மாட்டும் ஹப், அதற்குப் பின்னால் அந்த ஹப்பைத் தாங்கும் ஸ்பிண்டில் எல்லாவற்றையும் கழற்றி, குழாய்க்குள் சுழலும் ஆக்ஸில் ஷாஃப்டையே வெளியே உருவ வேண்டும். ஆனால் பில்லில் அழகாக எழுதியிருந்தது: ‘ஆக்ஸில் ஆயில் சீல் மாற்றம், நக்கிள் பிரித்து கிரீஸ்’. நம்பிவிட்டேன்.

மூன்று வாரத்தில் அதே கசிவு. “போன சீல் தரமில்லை சார், இந்தத் தடவை நல்லதா போடறேன்” என்று திரும்பவும் பணம் வாங்கினார்கள். அதுவும் நிற்கவில்லை. மூன்றாவது முறை போனபோது, “ஹவுசிங்கே வளைஞ்சிருக்கு, ஆக்ஸிலை மாத்தணும்” என்றார்கள். ஹவுசிங் (ஆக்ஸிலின் வெளிக்கூடு) வளைந்தால் ஷாஃப்ட் மையம் தவறி சீலைத் தின்னும் என்பது உண்மைதான். ஆனால் யாரும் எதையும் அளந்து பார்க்கவில்லை. நின்ற இடத்திலேயே தீர்ப்பு!

வண்டியைத் திரும்ப எடுத்து வந்து நானே உட்கார்ந்து பார்த்தேன். முதல் கேள்வி, வடிவது என்ன? பிரேக் ஆயில் தண்ணீர்போல மெலிதாக இருக்கும், அது கசிந்தால் மேலே டப்பாவில் அளவு குறையும். என் டப்பாவில் குறையவில்லை. விரலில் தொட்டு முகர்ந்தால் கந்தக நாற்றம். அது கியர் ஆயில், சந்தேகமே இல்லை. சமதளத்தில் நிறுத்தி டிஃபரன்ஷியலில் ஆயில் ஊற்றும் துளையின் மூடியை, அதாவது ஃபில்லர் பிளக்கைத் திறந்தேன். ஆயில் துளையின் விளிம்பு வரை நிற்க வேண்டும், எனக்கோ விரலை வளைத்து உள்ளே விட்டாலும் எட்டவில்லை. நக்கிள் மேலிருக்கும் சின்ன பிளக்கையும் திறந்தேன். கெட்டியாக இருக்க வேண்டிய கிரீஸ் கரைத்த சேறு மாதிரி இருந்தது. ஆக, டிஃபரன்ஷியல் ஆயில் உள் சீலைத் தாண்டி உருண்டைக்குள் வந்து, கிரீஸைக் கரைத்து, வெளி வளையம் வழியாக வடிகிறது. வெளி வளையத்தை மட்டும் எத்தனை முறை மாற்றினாலும் இது நிற்காது. (உருண்டையின் மேல் மெல்லிய ஈரப்பூச்சு இருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், அது இருக்க வேண்டியதுதான். சொட்டினால்தான் கோளாறு.)

அப்புறம் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பே, ஓடிவந்த சூட்டோடு ஃபில்லர் பிளக்கைத் தளர்த்தினார். புஸ் என்று காற்று வந்தது. ஆக்ஸில் சூடானால் உள்ளே காற்று விரியும், அது வெளியேறத்தான் பிரீதர் குழாய். என் பிரீதர் சேற்றால் அடைத்துக் கல்லாகியிருந்தது. போக வழியில்லாத அழுத்தம் ஆயிலைச் சீல் வழியாகத் தள்ளும். இதைச் சுத்தம் செய்யாமல் புது சீல் போட்டால் அதுவும் கசியத் தொடங்கிவிடும் என்றார். சூடான ஆக்ஸில் திடீரென்று தண்ணீரில் இறங்கினால் கதை தலைகீழ், உள்ளே வெற்றிடம் உண்டாகித் தண்ணீரை இழுக்கும், ஆயில் பால் நிறமாகிவிடும். நல்லவேளை, என்னுடையது அப்படி ஆகவில்லை.

பிரிக்கும்போது என்னைப் பக்கத்திலேயே நிற்கச் சொன்னார். ஸ்பிண்டில் நட்டுகளைக் காட்டி, “இதை யாராவது கழட்டின மாதிரி தெரியுதா?” என்று கேட்டார். பல வருட மண் இழை பிசகாமல் ஒட்டியிருந்தது. வெளி வளையம் மட்டும் புதிது, ஆனால் அதன் மேல்பக்கத்தில் பிளேடால் ஒரு வெட்டு. முழு வளையத்தை மாட்ட நக்கிளைக் கழற்றியாக வேண்டும். அந்தச் சிரமத்துக்குப் பதிலாக வளையத்தை வெட்டிச் சுற்றிவிட்டு, வெட்டின இடத்தில் சிவப்பு சிலிகான் பசையை அப்பியிருந்தார்கள். உள் சீல் பழையதேதான். ரப்பர் உதடு பிளாஸ்டிக் மாதிரி விறைத்து, நகத்தால் அழுத்தினாலும் வளையவில்லை.

முதல் தடவையே பழைய சீலைக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன், அந்தச் சாமர்த்தியம்கூட வீண். சீலின் முகத்தில் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் என்று மூன்று எண்கள் பொறித்திருக்கும். பையில் போட்டுக் கொடுத்த சீலின் உள்விட்டம் என் ஷாஃப்டைவிட நன்றாகப் பெரியது. கையில் வாங்கின அன்றைக்கே வண்டியின் பாகப் பட்டியலோடு ஒப்பிட்டிருந்தால் அங்கேயே பிடித்திருப்பேன்.

புதிய சீலை மாட்டுவதற்கு முன் ஷாஃப்டில் சீல் உரசும் இடத்தை விரல் நகத்தால் வருடிப் பார்த்தார். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் புது சீலும் நிற்காது. எனக்கு விழவில்லை. நக்கிள் திரும்பும் கிங்பின் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்றும் அசைத்துப் பார்த்தார். சீலின் உதட்டில் கிரீஸ் தடவி, கோணாமல் நேராக இறக்கினார். ஷாஃப்டைத் திரும்ப நுழைக்கும்போது மட்டும் பேச்சை நிறுத்திவிட்டார். அதன் பாரம் சீலின் மேல் சாய்ந்தாலோ, ஷாஃப்ட் முனையிலிருக்கும் ஸ்பிலைன் பல் உதட்டில் கீறினாலோ போட்ட புது சீல் அங்கேயே போச்சு. ஹப் பேரிங் வரை ஆயில் போய் அதன் கிரீஸையும் கழுவியிருந்ததால் அதையும் சுத்தம் செய்து புதிதாக அடைத்தார். எண்ணெய் குடித்த பிரேக் பேடுகளைத் துடைத்துப் போடச் சம்மதிக்கவில்லை, இரண்டு பக்கமும் மாற்ற வைத்தார்.

பழைய ஒர்க்‌ஷாப்பில் வெட்டின வளையத்தை மேசையில் வைத்துக் கேட்டேன். “பையன் பண்ணியிருப்பான் சார்” என்றார்கள். பணம் திரும்ப வரவில்லை.

ஆறு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு இரண்டு தடவை சேற்றிலும் ஓடையிலும் இறக்கிவிட்டேன், டயரின் உள்பக்கம் காய்ந்தே இருக்கிறது. அந்தப் பெரிய சீல் மட்டும் பையோடு என் அலமாரியில் கிடக்கிறது. யார் வண்டியுடையதோ.