மீன் மேய்கிறது, ஆனால் கொத்தவில்லை: 40 ஃப்ளை அடங்கிய ஒரு பெட்டி

இணையத்தில் வாங்கிய ஏரி டிரவுட் ஃப்ளை பெட்டி ஒன்றைப் பற்றியது இது. ஃப்ளை என்பது டிரவுட் மீனுக்குப் போட, நூலும் இறகும் சுற்றிக் கட்டிய தூண்டில் முள். 40 ஃப்ளை, உள்ளே நுரை ஒட்டிய பிளாஸ்டிக் பெட்டி, எல்லாம் சேர்த்து 30 பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. விற்றவர் பெயர் வேண்டாம், கிட்டத்தட்ட இதே கலவையை இங்கிலாந்தில் பலரும் வேறு வேறு லேபிளில் விற்கிறார்கள். மீன் முரண்டு பிடிக்கும் நாளுக்கென்றே தேர்ந்தெடுத்தது என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள், அதை நம்பித்தான் வாங்கினேன். அந்த நாளுக்கு இதில் பாதிகூடத் தேறாது, ஆனால் தேறுவது நன்றாகவே தேறும்.

முதலில் அந்த முரண்டு எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். நான் அதிகம் போவது இங்கிலாந்தின் ரட்லண்ட் வாட்டர். எம்பிங்ஹாமில் அணை கட்டி 1970களில் உருவாக்கிய நீர்த்தேக்கம், சுமார் 3,100 ஏக்கர். மே மாதத்தில் சாயங்காலம் காற்று அடங்கினால் போதும், எங்கு பார்த்தாலும் டிரவுட் மேலே வந்து முதுகையும் வால் நுனியையும் மெதுவாகக் காட்டிவிட்டு உள்ளே போகும். கண்ணெதிரே மீன் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறது, நீங்கள் போடும் எதையும் சீண்டுவதில்லை, சில சமயம் பின்னாலேயே வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். மீனுக்குப் பசியில்லை என்று கரையில் சொல்வார்கள். பசியில்லாமலா மேலே வந்து வாயைத் திறக்கிறது? ஒரே உணவு, ஒரே அளவில், ஒரே ஆழத்தில் கணக்கில்லாமல் கிடைக்கும்போது இன்னொன்றைத் துரத்த வேண்டிய அவசியம் அதற்கு இல்லை, அவ்வளவுதான்.

அந்த உணவு பெரும்பாலும் பஸ்ஸர். நம்மைக் கடிக்காத கைரோனமிட் கொசுவின் பியூபாவை, அதாவது புழுவுக்கும் கொசுவுக்கும் இடைப்பட்ட பருவத்தைத்தான், இங்கே அப்படிச் சொல்கிறார்கள். அடிச் சேற்றில் சிவப்புப் புழுவாக இருந்து, பியூபாவாக மாறி மெல்ல மேலே ஏறி, தண்ணீரின் மேற்படலத்துக்குச் சற்றுக் கீழே தொங்கும். அலை இல்லாத மாலையில் அந்தப் படலத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வர அதற்கு அதிக நேரம் பிடிக்கும், டிரவுட்டுக்கு அதைவிட வசதி ஏது? அவசரமே இல்லாமல் நீந்திக்கொண்டே ஒவ்வொன்றாக உள்ளே தள்ளும்.

இப்போது பெட்டிக்கு வருகிறேன். திறந்ததும் கண்ணைப் பறிப்பவை ஆரஞ்சு, பச்சை, ரோஸ் நிறத்தில் 12 பிளாப்களும் பூபிகளும், எந்தப் பூச்சியையும் போல இல்லாத பளிச்சென்ற ஃப்ளைகள். நீர்த்தேக்கத்தில் புதிதாக விட்ட ரெயின்போ டிரவுட் இவற்றை விரட்டி விரட்டி அடிக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் மேலே சொன்ன மாலையில் இவற்றைப் போட்டால், மேய்ந்துகொண்டிருந்த மீனும் ஒதுங்கிவிடும். முரண்டு நாளுக்கான பெட்டியில் கால் பங்குக்கு மேல் இவை எதற்கு? படத்தில் அழகாகத் தெரியும், வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. ஒரு விலக்கு உண்டு. கோடையில் மீன் டாஃப்னியாவை, அதாவது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் நீர்ப்பூச்சிக் கூட்டத்தை மேயும்போது, அவ்வளவு சின்னதை முள்ளில் கட்டிக் காட்ட வழியே இல்லை, அங்கே ஆரஞ்சு பிளாப் வினோதமாக வேலை செய்கிறது. வெயில் ஏறினால் அந்தக் கூட்டம் கீழே இறங்கும், மேகம் மூடினால் மேலே வரும், ஃப்ளையும் கூடவே ஏறி இறங்க வேண்டும். அதற்கு இரண்டு பிளாப் போதும், 12 வேண்டாம்.

அடுத்த வரிசையில் 14 பஸ்ஸர். கட்டிய விதம் நன்றாக இருக்கிறது, இதைப் பாராட்டத்தான் வேண்டும்: ஒல்லியான உடம்பு, முள்ளின் வளைவில் தொடங்கித் தலையை நோக்கி நுண்ணிய வெள்ளி வரி, கழுத்தருகே இரண்டு பக்கமும் ஆரஞ்சுக் கீற்று, மேலே வார்னிஷ். ஒல்லி என்பது முக்கியம். மலிவான பஸ்ஸர்களில் நூலை நூலின் மேல் சுற்றி உருண்டையாக்கி விடுவார்கள், அது தண்ணீரில் சரியாக இறங்காது, பார்க்கவும் பியூபா போல இருக்காது. ஆனால் அளவில்தான் ஏமாற்றம். 14இல் எட்டு, 10ஆம் எண் முள்ளில் கட்டியவை. ஏப்ரலில் ஆழத்தில் போட அது சரி. மாலையில் மேற்பரப்பில் மேயும் மீனுக்கு 14, 16ஆம் எண்தான் வேண்டும் (எண் கூடக் கூட முள் சின்னதாகும்), அது ஆறே ஆறு.

அளவுக்கு இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம், வீட்டுக்கு எடுத்துப் போக அடித்த மீனின் வயிற்றில் மாரோ ஸ்பூன் விட்டுப் பார்ப்பது என் வழக்கம். நீளமான, ஒடுங்கிய கரண்டி அது. உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுத்து, வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி அதில் கலக்கினால் எல்லாம் பிரிந்து மிதக்கும். ஜூனில் நான் பார்த்தவை பெரும்பாலும் கறுப்பும் இலைப்பச்சையுமாக, சீரகத்தைவிடச் சற்றே பெரியவை, ஓரிரண்டு இன்னும் நெளிந்துகொண்டிருந்தன. பக்கத்தில் 10ஆம் எண் பஸ்ஸரை வைத்தால் சிரிப்பு வரும். இது ஒன்றும் புதிய வேலை இல்லை, இங்கிலாந்தின் பிளாக்டன் ஏரியில் மீன் பிடித்த டாக்டர் பெல் என்பவர் இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவே செய்துகாட்டியதுதான். மீன் தின்றதைப் பார்த்து அதைப் போலவே எளிமையாக ஃப்ளை கட்டினார். பெட்டியைத் தயாரித்தவர்களும் ஒரு தடவை கரண்டியைக் கையில் எடுத்திருக்கலாம்.

பெட்டியில் இருப்பதிலேயே நல்லவை ஆறு ஷட்டில்காக்குகள். தலையில் வாத்தின் எண்ணெய்ச் சுரப்பியை ஒட்டி வளரும் மென்மையான இறகு, சிடிசி என்பார்கள், அது மேலே நிற்க உடம்பு படலத்துக்குக் கீழே தொங்கும். வெளியே வர முடியாமல் தவிக்கும் பியூபா எப்படி நிற்குமோ அப்படி. இதற்கு, ஃப்ளையை மிதக்க வைக்கத் தடவும் சாதாரண ஜெல்லைத் தடவாதீர்கள், இறகு ஒட்டிப்போய் அப்படியே மூழ்கும். மீன் பிடித்த பிறகு அலசி, துணியில் ஒற்றி, சிடிசிக்கென்று வரும் பொடியைப் போட்டால் மறுபடி மிதக்கும். முதுகும் வாலும் காட்டும் மீனுக்கு, அது போகும் திசையில் ஒரு கஜம் முன்னால் இதைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். இழுத்தால் காரியம் கெட்டது.

மீதி எட்டும் டயவல் பாக், ஃபெசன்ட் டெய்ல் வகையறா, தண்ணீருக்குள் இருக்கும் பூச்சியைப் போலக் கட்டியவை, 12ஆம் எண். குறை சொல்ல ஒன்றுமில்லை. மேற்பரப்பு உடையாமல் அடியில் ஒரு சுழிப்பு மட்டும் தெரிந்தால் மீன் ஓரடி கீழே சாப்பிடுகிறது என்று அர்த்தம், அப்போது ஷட்டில்காக்கைக் கழற்றிவிட்டு இவற்றைப் போடலாம். ஃபெசன்ட் டெய்லை நீளமான லீடரில் (லைனின் நுனியில் ஃப்ளையைக் கட்டும் மெல்லிய நரம்பு), பொறுமை போய்விடும் அளவுக்கு மெதுவாக இழுத்துக் காட்டியவர் ஆர்தர் கோவ் என்ற தூண்டில்காரர். இங்கத்திய நீர்த்தேக்கங்களில் இன்றும் அந்த வேகம்தான் எடுபடுகிறது. பாதி நேரம் இழுக்கவே வேண்டியதில்லை, காற்று லைனை நகர்த்தும், நாம் தொய்வை மட்டும் எடுத்தால் போதும்.

பெட்டியோடு வந்த குறிப்புத் தாளில், கொத்தவில்லை என்றால் நிறத்தை மாற்றிப் பாருங்கள் என்று எழுதியிருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடே இல்லை. நிறம் கடைசி. முதலில் ஆழம், அடுத்து வேகம், அப்புறம் அளவு. அதற்கும் முன்னால் லீடரைப் பாருங்கள்: அசையாத தண்ணீரில் மேலே மிதக்கும் லீடர் பளிச்சென்று கோடு போட்டுக் காட்டும், மீன் அதைப் பார்த்தே விலகும். டீகிரீசர் மண்ணை, அதாவது லீடரின் எண்ணெய்ப் பசையை எடுத்து அதை மூழ்க வைக்கும் களிமண்ணை, கடைசி ஒரு மீட்டருக்குத் தேய்த்தால் அது அடங்கும். சின்ன டப்பா, சில பவுண்டுதான். பிளாப்புக்குப் பதிலாக அதைப் பெட்டியில் வைத்திருந்தால் கும்பிட்டிருப்பேன்.

இன்னொரு குறை, கேனிஸுக்கு ஒன்றுகூட இல்லை. ஜூன், ஜூலையில் இந்த வெள்ளைப் பொடிப் பூச்சி கிளம்பினால் சட்டை, கண்ணாடி, படகு எல்லாம் அப்பிக்கொள்ளும், மீன் பைத்தியம் பிடித்தாற்போல மேயும், நம் ஃப்ளை இருக்கும் திசைக்கே வராது. அதற்கு 18, 20 எண் முள்ளாவது வேண்டும். முரண்டு என்றால் அதுதான் முரண்டு, அதை விட்டுவிட்டு இந்தப் பெயரில் விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

முள்ளின் தரம் சுமார். 10, 12 கெட்டியாக இருந்தன. 16ஆம் எண்ணில் ஒன்று, மூன்று பவுண்டு எடைகூட இருக்காத ரெயின்போ படகுக்கு அடியில் பாய்ந்தபோது நிமிர்ந்துவிட்டது. விற்றவருக்கு எழுதினேன், பதில் வந்தது, மாற்று வரவில்லை.

ஏப்ரலில் தொடங்கி அக்டோபர் வரை எல்லாவற்றுக்கும் ஒரே பெட்டி வேண்டும் என்கிற புதியவர் வாங்கலாம், 5க்கு 3 கொடுப்பேன். மாலை மேய்ச்சலுக்கு மட்டும் என்றால் வேண்டாம். அதே பணத்துக்குத் தனித்தனியாகவே கிடைக்கும்: 14, 16இல் கறுப்பு பஸ்ஸர் ஆறு, இலைப்பச்சை நான்கு, ஷட்டில்காக் ஆறு, சின்ன டயவல் பாக் இரண்டு, ஒரு டப்பா மண். இந்த ஜூனுக்கு நான் போட்டிருக்கும் ஆர்டரும் இதுதான், கூட நான்கு கேனிஸ்.