ஃபிட்லர் ஆன் தி ரூஃப் (1971): கூரையை விடுங்கள், கயிற்றைக் கவனியுங்கள்

நியூயார்க்கின் பிராட்வே மேடையில் வந்த இசை நாடகத்தை வைத்து நார்மன் ஜூவிசன் இயக்கிய இந்தப் படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் கூரைமேல் நிற்கும் பிடில்காரனில்தான் தொடங்குவார்கள். சரிவான கூரையில் விழாமல் நின்று வாசிக்கிறானே, அதுதான் எங்கள் பிழைப்பு. விழாமல் தாங்குவது மரபு என்று பால்காரர் டெவியே முதல் காட்சியிலேயே நம்மைப் பார்த்துச் சொல்லிவிடுகிறார். இடம் ரஷ்யப் பேரரசின் யூதக் கிராமம் அனடெவ்கா, ஆண்டு 1905. இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னபிறகு நாம் கண்டுபிடிக்க அதில் என்ன இருக்கிறது? ஐசக் ஸ்டெர்னின் வயலின்தான் அந்த உருவத்தைக் காப்பாற்றுகிறது.

படத்தின் பலம் சின்னச் சின்னப் பொருள்களில் இருக்கிறது. டெவியேயின் மூத்த மகள் சைட்டலின் கல்யாணத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே ஒரு கயிறு. கீவிலிருந்து வந்த புரட்சிக்கார மாணவன் பெர்ச்சிக் அதைத் தாண்டிப் போய் இரண்டாவது மகள் ஹோடலை ஆட அழைக்கிறான். இது பாவமா என்று ரப்பியை, அதாவது யூத மதகுருவைக் கேட்கிறார்கள். தடை என்று சொல்லமுடியாமல் அவர் இழுக்கிறார். டெவியே மனைவி கோல்டாவோடு ஆடுகிறார். கடைசியில் ரப்பியும் ஆடுகிறார், ஆனால் கையைத் தொடாமல், நடுவில் ஒரு கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டு. கயிறு போய்விட்டது, கைக்குட்டை அளவுக்கு மரபு மிச்சம். தையல்காரன் மோட்டலின் தையல் மெஷின் வந்திறங்கும்போதும் இதே ரப்பி அதற்கும் ஓர் ஆசீர்வாதம் உண்டு என்கிறார். அதே கல்யாணத்தில் தலையில் பாட்டிலை நிறுத்திக்கொண்டு ஆடும் நடனம் பழைய வழக்கம் போலத் தெரியும். உண்மையில் அது 1964 பிராட்வே மேடைக்காக ஜெரோம் ராபின்ஸ் அமைத்தது. இப்போது நிஜ யூதக் கல்யாணங்களிலேயே ஆடுகிறார்கள்!

மகள்கள் ஒவ்வொருவராகத் தாங்களே தேர்ந்த காதலனோடு வந்து நிற்கும்போது டெவியே, "இன்னொரு பக்கம் பார்த்தால்..." என்று தனக்குள் வாதாடுவார். அந்த நேரத்தில் மகளும் காதலனும் சட்டென்று தொலைவில் நிற்பார்கள். மேடையில் செய்யமுடியாத உத்தி இது. மூன்றாமவள் ஹாவா, கிறிஸ்தவனான ஃபியெட்காவை மணந்தபிறகு வந்து நிற்கும்போது அவருக்கு இன்னொரு பக்கமே இல்லை. டெவியேயாக நடித்த, அப்போது சுமார் 35 வயதே ஆன டோப்போல், குரலை உயர்த்துமுன்பே உடம்பால் அதைக் காட்டிவிடுகிறார். ஆனால் ஹாவாவுக்கான நிழலுரு நடனம் ஒட்டவில்லை. படம் எடுக்கப்பட்ட யூகோஸ்லாவியக் கிராமங்களின் நிஜச் சேற்றைப் பார்த்த கண்ணுக்கு அது மேடை அலங்காரமாகவே படுகிறது.

மேடைப் பாடல்களில் பெர்ச்சிக் பாடும் 'நௌ ஐ ஹேவ் எவ்ரிதிங்' படத்தில் இல்லை. அதனால் அவன் வெறும் கொள்கைக்காரனாகவே நிற்கிறான். சைபீரியாவுக்கு அவனைத் தேடிப் போகும் ஹோடலின் ரயில் நிலையப் பாட்டே முழுச் சுமையையும் தாங்கவேண்டியிருக்கிறது.

டிவியில் 'விவிட்' நிறத்தை அணைத்துவிட்டு 'சினிமா' அமைப்பில் பாருங்கள். ஒளிப்பதிவாளர் ஆஸ்வால்ட் மாரிஸ் லென்ஸின்மேல் பெண்களின் காலுறைத் துணியைக் கட்டி அந்த மண்நிறத்தைக் கொண்டுவந்தார். 'விவிட்' அதை ஆரஞ்சாக்கிவிடும். சில காட்சிகளில் துணியின் இழை தெரிந்தால் டிவியின் கோளாறு என்று நினைக்கவேண்டாம். படம் சுமார் மூன்று மணி நேரம். இரண்டு நாளாகப் பிரிப்பதென்றால் கல்யாண வீட்டை அடித்து நொறுக்கும் காட்சி முடிந்ததும் வரும் இடைவேளையில் நிறுத்துங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.