ஈமியூல் முதல் டொரண்ட் வரை: ஹாஷ் பார்த்து ஃபைல் எடுக்கும் பழக்கம்

ஒருவர் கணினியிலிருந்து இன்னொருவர் நேரடியாக ஃபைல் எடுக்க உதவும் ஈமியூல் மென்பொருளை நான் முதலில் நிறுவியது 2004-இல். அப்போதிருந்த இணைப்பில் ஒரு லினக்ஸ் ஐஎஸ்ஓ (நிறுவல் வட்டின் முழு நகல்) இறங்க மூன்று இரவுகள் பிடித்தன. நான்காம் நாள் காலையில் திறந்தால் உள்ளே ஏதோ ஒரு வீடியோ. பெயரும் அளவும் மட்டும் பொருத்தமாக இருந்தன. அன்றோடு பெயரை நம்பி இறக்குவதை விட்டுவிட்டேன்.

ஈமியூல் இயங்கும் ஈடாங்கி நெட்வொர்க்கில் ஒரு ஃபைலுக்கு அடையாளம் அதன் ஹாஷ்தான்: ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து எம்டி4 என்ற முறையில் கணக்கிடும் 32 எழுத்துக் குறியீடு. பெயரை யார் எப்படி மாற்றினாலும் ஹாஷ் மாறாது. அதனால்தான் ஈமியூலில் எனக்கு மிகவும் பிடித்த இடம், ஃபைல் விவரத்தில் வரும் பெயர்ப் பட்டியல். அதே ஹாஷை மற்றவர்கள் என்னென்ன பெயரில் வைத்திருக்கிறார்கள் என்று அது காட்டும். இறங்கத் தொடங்கிய சில நிமிடங்களில் அதைப் பார்த்துவிடுவேன். ஆறு பேர் ஆறு சம்பந்தமில்லாத பெயர் வைத்திருந்தால் உடனே நிறுத்திவிடலாம்.

சரிபார்ப்பு துண்டு துண்டாக நடக்கும். ஒரு துண்டு 97,28,000 பைட். அதில் ஒரு பைட் கெட்டாலும் முழுத் துண்டும் தேறாது. பிறகு வந்த ஏஐசிஎச் முறை 180 கேபி அளவுக்குப் பிரித்து எஸ்எச்ஏ-1 என்ற இன்னொரு முறையில் ஹாஷ் வைத்ததால், கெட்ட பகுதி மட்டும் மறுபடி இறங்கியது. மெதுவான இணைப்பில் அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது அன்று காத்திருந்தவர்களுக்குத் தெரியும்.

ஒரு வேண்டுகோள்: பகிரும் சொற்பொழிவு எம்பி3-இன் டேக்கை (உள்ளே இருக்கும் தலைப்பு, பேசியவர் பெயர் போன்ற குறிப்பை) திருத்தாதீர்கள். பேச்சு அதேதான், ஆனால் ஹாஷ் மாறிவிடும். பகிர்பவர்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து இரண்டு பக்கமும் வேகம் குறையும். நல்ல சொற்பொழிவுகள் பல இப்படித்தான் ஆள் இல்லாமல் பாதியில் நின்றன.

இப்போது பெரும்பாலும், அதேபோல் பலரிடமிருந்து துண்டு துண்டாக இறக்கும் டொரண்ட் முறைக்கான க்யூபிட்டொரண்ட் மென்பொருள்தான். போன வருடம் பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எல்லாவற்றையும் நகலெடுத்து அதில் மறுசோதனை (துண்டுகளின் ஹாஷை மறுபடி பார்ப்பது) கொடுத்தேன். ஒரு ஐஎஸ்ஓ 98 சதவீதத்தில் நின்றது. டிஸ்க் கெட ஆரம்பித்ததை அதுதான் முதலில் சொன்னது. விடுபட்ட துண்டுகள் மட்டும் இறங்கின, சில நிமிடங்களில் முடிந்தது.

ஆனால் ஹாஷ் சொல்வது 'இது அதேதான்' என்பதை மட்டும். 'இது நல்லது' என்று அது சொல்லாது. 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் தளத்துக்குள் புகுந்தவர்கள் இணைப்பையே மாற்றி, வெளியாள் ரகசியமாக நுழையப் பின்கதவு வைத்த ஐஎஸ்ஓவைக் கொடுத்தார்கள். ஃபைலும் ஹாஷும் ஒரே பக்கத்தில் இருந்தால் புகுந்தவர் இரண்டையும் மாற்றலாம். எம்டி4 எப்போதோ உடைந்துவிட்டது. எஸ்எச்ஏ-1-க்கும் 2017-இல் மோதலை (இரண்டு வேறு ஃபைல்களுக்கு ஒரே ஹாஷ்) காட்டிவிட்டார்கள். டொரண்டின் இரண்டாம் பதிப்பு இன்னும் வலுவான எஸ்எச்ஏ-256-க்கு மாறியது சரியான முடிவு.

டெபியன் லினக்ஸை டொரண்டில்தான் எடுக்கிறேன். அப்புறம் எஸ்எச்ஏ-512 ஹாஷ் பட்டியலையும் அதன் டிஜிட்டல் கையொப்பத்தையும் இறக்கி, முதலில் கையொப்பத்தை ஜிபிஜி என்ற சரிபார்ப்பு நிரலில் பார்ப்பேன், பிறகு ஹாஷை ஒப்பிடுவேன். இரண்டும் பொருந்திய பிறகே பென்டிரைவில் எழுதுவேன். அந்த ஐஎஸ்ஓவை அடுத்த பதிப்பு வரும்வரை, மற்றவர்கள் என்னிடமிருந்து எடுக்க, சீடில் விட்டுவைக்கிறேன்.