பெயர்ப் பொருள் செயலி: ஐரீன் பக்கம் ஒன்றே போதும்

மகளுக்கு ஐரீன் என்று வைக்கலாமா என்ற யோசனையில் இந்தச் செயலியை இறக்கினேன். ‘அமைதி’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல் வேர் வரை போகிறார்கள். கிரேக்கத்தில் எய்ரீனே, ஸீயஸுக்கும் தெமிஸுக்கும் பிறந்த தெய்வம். கூடப் பிறந்தவர்கள் இருவர்: நல்லொழுங்குக்கு யூனோமியா, நீதிக்கு டிகே. நீதியோடு பிறந்த அமைதி! எனக்கு அங்கேயே மனசு நிறைந்துவிட்டது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் சிற்பி கெஃபிசோடோட்டஸ் ஏதென்ஸுக்காகச் செய்த சிலையில், அவள் கையில் இருக்கும் குழந்தை புளூட்டோஸ், அதாவது செல்வம். போர் ஓய்ந்தால்தான் வயல் விளையும், வணிகம் நடக்கும் என்பதை இதைவிட அழகாகச் சொல்ல முடியுமா? மூலச் சிலை இப்போது இல்லை. மியூனிக் கிளிப்டோத்தெக் அருங்காட்சியகத்தில் உள்ள ரோமானியப் பிரதியின் படம் தந்திருக்கிறார்கள்.

பெயர் தாங்கியவர்களில் 1935இல் வேதியியல் நோபல் பெற்ற ஐரீன் ஜோலியோ-கியூரி இருக்கிறார். 797 முதல் 802 வரை பைசாந்தியத்தை, அதாவது கிழக்கு ரோமப் பேரரசைத் தனியாக ஆண்ட பேரரசியும் உண்டு. அவர் பெற்ற மகனையே குருடாக்கியதை மறைக்காமல் எழுதியது நேர்மை.

‘குணநலன்’, ‘அதிர்ஷ்ட எண்’ பகுதிகளுக்கு எந்த ஆதாரமும் இல்லை, எடுத்துவிடலாம். உச்சரிப்பில் ஆங்கில வடிவம் மட்டுமே ஒலிக்கிறது. இன்றைய கிரேக்கர்கள் சொல்லும் ‘இரீனி’யையும் சேர்க்க வேண்டும். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்.